இடது பக்கத் தோல்

தெலுக் பங்லிமா காராங்
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தம்புசாமி அண்ணனுக்கு, தங்கச்சி மாரியாயி எழுதிக்கிறது. இங்க நான், மகன் பாலன், மருமக வாணி எல்லாரும் சுகம். உன் முட்டி வலி எப்படி இருக்கு? இனிப்பு நீர் வியாதிக்குக் குடுத்த மருந்தை ஒழுங்கா சாப்பிடுறியா, இல்ல ஜன்னல் வழியா வீசுறியா?

போன் அடிக்காம கடுதாசி எழுதுறாளேன்னு பயந்துறாதே. போன்ல நீ பேசுறது எனக்கு இப்ப கேக்குறதில்ல. கிள்ளான்ல காது டாக்டர்கிட்ட பாலன் கூட்டிக்கிட்டுப் போனான். வலது காது போயிருச்சாம். இடது காது இந்த வருசம் தாங்கும், அடுத்த வருசம் சொல்ல முடியாதுன்னாரு. மிஷின் மாட்டுனாலும் கொஞ்ச நாளைக்குத்தானாம். உன்கிட்ட இருக்கிறது பட்டன் போன், அதனால வாட்சாப்பும் இல்ல. நம்ம ரெண்டு பேருக்கும் இனிமே தபால்காரர்தான்.

ஒண்ணு கேக்குறேன். இடது காது மூடுறதுக்குள்ள இங்க வந்து எனக்கு உறுமி அடிச்சுக் காட்டு. கோயில் வாசல்ல சாமிய அழைக்க அடிப்பியே, அந்த அழைப்பு. ஒரே ஒரு தடவை. நீ அடிச்சுக் கேட்டு அம்பது வருசம் ஆச்சு.

பதில் போடு. மழையில நடக்காதே.

இப்படிக்கு,
மாரியாயி


பிரிக்பீல்ட்ஸ்
30 ஆகஸ்ட் 2024

தங்கச்சி மாரிக்கு, அஞ்சாவது மாடியில, லிஃப்ட் வேலை செய்யாத பிளாட்ல உக்காந்துக்கிட்டு உங்கண்ணன் எழுதுறது. நான் சுகம். முட்டிதான் தனியா ஒரு ஆளா வாழுது, என் பேச்சைக் கேக்குறதில்ல. நீ பசியாறிட்டியா? கடுதாசி வர்ற நேரம் பசியாறுற நேரமாத்தான் இருக்கும்.

நான் மூணாங்கிளாஸ். நீ ஆறாங்கிளாஸ். என் எழுத்துல தப்பு இருந்தா பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படி. பல்லு இல்லேன்னா ஈறைக் கடி.

காது போனதுக்கா அழுவுற? கடவுள் நல்லவரு லா. மருமக வாயத் தொறந்த பிறகு உன் காதை மூடுறாரு. உன் வீட்டுக்காரரு கன்னையா மச்சான் உயிரோட இருந்தப்பவே மூடியிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும். லோரிய நிறுத்திட்டு அந்த ஆளு கத்துற கத்தல் பந்திங் வரைக்கும் கேக்குமே.

உறுமியா? அது எங்கடி இருக்கு? எழுவத்தி நாலுலயே எலி தின்னுருச்சுன்னு சொன்னேனே. முதல்ல இடது பக்கம், அப்புறம் வலது பக்கம், கடைசியில கட்டையவும் தின்னுருச்சு. அதுக்கப்புறம் அந்த எலி நம்ம தோட்டத்து லயத்து வீடுங்கள்ல ஓடுறப்பல்லாம் டும்மு டும்முன்னு சத்தம் வருமாம்.

இப்ப ஊர்ல தெருவுக்குத் தெரு உறுமிக் குழு இருக்கு. பாலன்கிட்ட சொல்லு, நல்ல பசங்களாப் பாத்து கூட்டிக்கிட்டுப் போவான். வாணிக்கு என் அன்பைச் சொல்லு, சத்தமா சொல்ல வேணாம்.

உன் அண்ணன்,
தம்புசாமி


தெலுக் பங்லிமா காராங்
17 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு, மாரி. எல்லாரும் சுகம். வாணி உன் கடுதாசிய நான் படிக்கும்போதே தோள் மேல எட்டிப் பாத்து படிச்சிட்டா. உனக்கு முறுக்கு அனுப்பலாம்னு இருந்தாளாம், இப்ப இல்லையாம்.

நீ சொன்ன மாதிரி பாலன் கிள்ளான்ல ஒரு கோயில் திருவிழாவுக்கு கூட்டிக்கிட்டுப் போனான். இருவது பசங்க, ஒரே மாதிரி டீசட்டை. தலைவன் பேரு ரிஷி, பாலனுக்குத் தெரிஞ்சவன். குத்தம் சொல்ல முடியாது, நல்லா அடிச்சாங்க. வேகம்னா அவ்வளவு வேகம். பக்கத்துல ஒரு பொண்ணுக்கு சாமி வந்துச்சு. எனக்குக் கால் கட்டை மாதிரி நின்னுச்சு. பாலன் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தான், பாவம்.

உன்கிட்ட ஒண்ணு நான் சொன்னதே இல்ல. எனக்கு சாமி வருதுன்னு எல்லாரும் சொல்லுவீங்க. அது சாமியான்னு எனக்குத் தெரியாது. நீ வளைஞ்ச குச்சிய இடது பக்கத் தோல்ல வெச்சுத் தேய்ப்பே இல்ல, அந்த உறுமல் முதல்ல என் வயித்துக்குள்ள கேக்கும். அப்புறம் நம்ம லயத்து வீடு இருக்காது. ரப்பர் பால்மரம் இருக்காது. வேலை வாங்குற மண்டோர் கிடையாது. நம்ம தாத்தா கப்பல் ஏறுனாரே, அதெல்லாம் இன்னும் நடக்கல. கால் கீழ சூடான மண்ணு. நெருப்பு எரியும். தோல் காயிற வாசம். நெறைய பேரு இருப்போம், யாருக்கும் பேரு இல்ல. என் கையில கிழங்கு தோண்டுற குச்சி. தூரத்துல ஏதோ மிருகம் உறுமும், ஆனா பயமா இருக்காது, அதுவும் நம்ம ஆளு மாதிரிதான். அங்க நான் யாருக்கும் மகளும் இல்ல, பொண்டாட்டியும் இல்ல.

வேற யாரு அடிச்சும் நான் அங்க போனதில்ல. உன் கைதான் கூட்டிக்கிட்டுப் போகும். காது மூடுறதுக்குள்ள ஒருக்கா போயிட்டு வரணும் அண்ணே. எலிக் கதை வேணாம்.

மாரியாயி


பிரிக்பீல்ட்ஸ்
24 அக்டோபர் 2024

மாரிக்கு, அண்ணன். சுகம். பதில் லேட்டு. பேனா மை தீந்து போச்சு, அப்புறம் பேப்பர் தீந்து போச்சு, அப்புறம் எனக்குப் பொறுமை தீந்து போச்சு.

இங்க தீபாவளிக் கூட்டம். கீழ எறங்குனா மூச்சு விட எடம் இல்ல. ஒருத்தன் என்னைத் தள்ளிட்டு 'சோரி அங்கிள்'னான். நான் 'பரவால்ல அங்கிள்'னேன். அவனுக்கு இருவது வயசு, மூஞ்சி செத்துப் போச்சு.

கெழங்கு தோண்டுனேன்னு எழுதியிருக்கியே, நல்ல கெழங்கா? ரெண்டு கெழங்கு எனக்கும் எடுத்து வெச்சிருக்கலாம் லா. தனியாத் தின்னுட்டு அம்பது வருசமா மறைச்சிருக்கே.

தீபாவளி முடியட்டும், வரேன். இல்லேன்னா முட்டி சரியாகட்டும். என் கையில இப்ப ஒண்ணும் இல்ல மாரி. ரயில்வேல முப்பது வருசம் கட்டை தூக்குன கை. குச்சி எப்படிப் பிடிக்கிறதுன்னே மறந்து போச்சு. அந்தக் கை வேற, இந்தக் கை வேற. அந்தக் கைய நீ கேக்காதே.

பாலன், வாணிக்கு தீபாவளி வாழ்த்து. முறுக்கு விசயமா சமாதானம் பேசிப் பாரு.

தம்புசாமி


தெலுக் பங்லிமா காராங்
19 நவம்பர் 2024

அண்ணனுக்கு, மாரி. சுகம்னு எழுதணும், எழுதிட்டேன்.

தீபாவளி முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. நேத்து அடுப்புல குக்கர் விசில் அடிச்சது எனக்குக் கேக்கல. பருப்பு கருகுன வாசத்துலதான் தெரிஞ்சது. வாணி குக்கரைத் தேச்சுக் கழுவிட்டு புதுசா பருப்பு போட்டா. அவ என்னைத் திட்டாததுதான் எனக்குப் பயமா இருக்கு.

தைப்பூசத்துக்குள்ள வந்துரு. முறுக்கு இதுல இருக்கு.

மாரியாயி


பிரிக்பீல்ட்ஸ்
16 ஜனவரி 2025

மாரிக்கு, அண்ணன் எழுதுறது. பொங்கல் நல்லபடியாப் போச்சா? நான் சுகம். முறுக்கை அன்னைக்கே தின்னுட்டேன். பதில் போட ரெண்டு மாசம். இந்தக் கடுதாசிய ஏழு தடவை எழுதி ஏழு தடவை கிழிச்சேன். மை வீணாப் போச்சு, இதையாவது அனுப்புறேன்.

உன்னைப் பொண்ணு பாக்க கிராணி மாப்பிள்ளை வந்தானே, ஞாபகம் இருக்கா? பரமேஸ்வரன். கிள்ளான்ல ஆபீஸ் வேலை. வெள்ளைச் சட்டை, பாக்கெட்ல ரெண்டு பேனா. ஒரு ஆளுக்கு எதுக்குடா ரெண்டு பேனான்னு எனக்கு சிரிப்பு தாங்கல. நீ தே தண்ணித் தட்டோட நடு வீட்டுக்கு வர்றே. நான் அடுப்படிக்குப் பின்னால உறுமியோட நிக்குறேன். அழைப்பை வீட்டுப் பக்கம் அடிக்கவே கூடாதுன்னு அப்பா சொல்லியிருந்தாரு. ரெண்டே ரெண்டு அடிதான்னு நெனைச்சேன். உன் கை ஆடணும், கிளாஸ் கிலுகிலுன்னு மோதணும், நீ என்னை மொறைக்கணும். அந்த மொறைப்புக்காகத்தான் மாரி. வேற ஒண்ணும் இல்ல.

ரெண்டு அடியில நிறுத்தியிருக்கணும். கை நிக்கல. முழு அழைப்பையும் அடிச்சுட்டேன்.

தட்டு கீழ விழுந்த சத்தம் கேட்டுச்சு. நீ முடியை அவுத்துப் போட்டுக்கிட்டு வெறுங்காலோட என்னைத் தாண்டி கோயிலுக்கு ஓடுறே. கண்ணு நேராப் பாக்குது, என்னைத் தெரியல. மாப்பிள்ளையோட அம்மா எந்திரிச்சு, சாமி ஆடுற பொண்ணை வெச்சுக்கிட்டு ஆபீஸ் குவாட்டர்ஸ்ல எப்படிக் குடும்பம் நடத்துறதுன்னு கேட்டுச்சு. அப்பா என்னை அடிக்கல. அடிச்சிருக்கலாம்.

மூணு மாசத்துல உன்னை லோரிக்காரன் கன்னையாவுக்குக் கட்டி வெச்சாங்க. ஒரு தீபாவளிக்கு கையில கட்டு போட்டுக்கிட்டு வந்தே. கீழ விழுந்துட்டேன்னு சொன்னே. 'யானை மாதிரி நடந்தா விழத்தான் செய்வே'ன்னு சொல்லிட்டு பலகாரம் தின்னேன். நீயும் சிரிச்சே. எனக்குத் தெரியும் மாரி. அப்பவே தெரியும்.

பரமேஸ்வரன் இங்கதான் இருக்கான். காலையில முக்கு சாப்பாட்டுக் கடையில தோசை. பொண்டாட்டிக்கு தண்ணி ஊத்திக் குடுத்துட்டுத்தான் தான் குடிக்கிறான். அதைப் பாக்க முடியாம பதினஞ்சு வருசமா நான் அடுத்த சந்துல சுத்திப் போறேன். முட்டி போனது அதனாலதான், வயசால இல்ல.

எதுக்கு வராம சாக்கு சொல்றேன்னு நீ யோசிச்சிருப்பே. இதான்.

தம்புசாமி


தெலுக் பங்லிமா காராங்
14 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு, மாரி. நான் சுகம். நீ சுகமா இருக்கணும்.

தைப்பூசம் போயிருச்சு. டிவியில காட்டுனாங்க. உறுமி அடிக்கிறவங்க கை தெரிஞ்சுச்சு. பாலன் சத்தத்தை ஏத்தினான், வாணி காதைப் பொத்திக்கிட்டா. எனக்கு எங்கயோ சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரோ நடக்குற மாதிரிதான் இருந்துச்சு.

கிராணி மூஞ்சி எனக்கு மறந்து போச்சு. ரெண்டு பேனான்னு நீ எழுதினப்பதான் ஞாபகம் வந்துச்சு. அந்த ஆளு அவன் பொண்டாட்டிக்கு தண்ணி ஊத்தட்டும், நீ நேர் ரோட்டுல நட. கன்னையா என்னை அடிச்சது கன்னையா கையால. அதை எடுத்து உன் கையில மாட்டிக்காதே.

உறுமிய எலி திங்கலைன்னு எனக்குத் தெரியும். கிராணி வந்த அன்னைக்கு சாயங்காலம் நீ உறுமிய பெரிய கால்வாய்ல தூக்கிப் போட்டதை நான் பாத்தேன். கோயில்ல இருந்து திரும்பி வந்துக்கிட்டு இருந்தேன். நீ போன பிறகு எறங்கித் தேடுனேன். இடுப்பு வரைக்கும் சேறு. கடல் தண்ணி எறங்குற நேரம், இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. வளைஞ்ச குச்சி மட்டும் புல்லுல சிக்கிக் கெடந்துச்சு. அது இன்னும் என் பீரோவுல இருக்கு.

நீ திரும்ப அடிப்பே, அடிப்பேன்னு இருந்தேன். ஒவ்வொரு திருவிழாவுக்கும் வருவே, கிண்டல் பண்ணுவே, தின்னுட்டுப் போயிருவே. அந்த வீட்டுல கன்னையாவோட இருந்தப்ப, போறதுக்கு எனக்கு ஒரே ஒரு எடம் இருந்துச்சு அண்ணே. வழி உன் கையில இருந்துச்சு. அந்தச் சம்பந்தத்தைக் கெடுத்துட்டோமேன்னு நீ அதைத் தூக்கிப் போட்டுட்டே. என்னைக் கேட்டிருக்கலாம்.

கோவம் இல்ல. எழுதி முடிச்சப்புறம் கோவம் இல்ல.

மாரியாயி


பிரிக்பீல்ட்ஸ்
24 மார்ச் 2025

மாரிக்கு, அண்ணன்.

உன் கடுதாசி சட்டைப் பையில இருக்கு. ஒரு மாசமா சட்டையைத் துவைக்கல.

பாலனுக்கு போன் போட்டு அந்த ரிஷிகிட்ட ஒரு உறுமி இரவல் கேட்டேன். அவனே பிளாட்டுக்குக் கொண்டாந்து குடுத்தான். நல்ல தம்பி. அஞ்சு மாடி ஏறி வந்ததுல அவனுக்கு மூச்சு வாங்குச்சு, எனக்கு வாங்கல, அதை நான் சொல்லிக் காட்டிட்டேன். பத்து நாளா அடிச்சுப் பாக்குறேன். முதல் நாள் மாடு கத்துன மாதிரி இருந்துச்சு. பக்கத்து வீட்டு ஆன்டி கதவைத் தட்டி, 'அங்கிள், உடம்புக்கு என்ன'ன்னு கேட்டுச்சு. நேத்து இடது பக்கம் உறுமிருச்சு மாரி. என் வயித்துல எறங்குச்சு. அழைப்பு கைக்கு மறக்கல. நான்தான் மறந்த மாதிரி இருந்திருக்கேன்.

ஏப்ரல் 5, சனிக்கிழமை, காலையில கொமுட்டர் ரயில்ல கிள்ளான் வரேன். பாலனை ஸ்டேசனுக்கு வரச் சொல்லு. குச்சிய எடுத்து வெய்யி. கெழங்கும் எடுத்து வெய்யி.

தம்புசாமி


(உறுமிப் பையில வெச்ச துண்டுச் சீட்டு)
6 ஏப்ரல் 2025

ரிஷி தம்பிக்கு, தம்புசாமி அங்கிள் எழுதுறது. நீயும் உன் பசங்களும் சுகமா இருக்கணும்.

உன் உறுமிய பாலன்கிட்ட குடுத்து விடுறேன். இடது பக்கத் தோல் கிழிஞ்சிருக்கும். நான்தான் காரணம், பாலனைத் திட்டாதே. ஸ்டேசன்ல இருந்து வர்ற வழியில ஒட்டுக்கடையில நிறுத்தச் சொன்னேன். ஒரு தே தண்ணின்னேன். மூணு குடிச்சேன். ஒரு மணி நேரம் உக்காந்துட்டேன், வீட்டுக்குப் போக எனக்கு பயமா இருந்துச்சு. உறுமி பாலன் ஓட்டிக்கிட்டு வந்த காடியில, வெயில்ல. வீட்டு வாசல்ல பையைத் தொறந்தப்ப தோல் ஓரமா பிரிஞ்சு வாய் பொளந்து கெடக்கு. புதுத் தோல் நான் போட்டுத் தரேன்.

எந்தங்கச்சி சோபாவுல உக்காந்து கண்ணை மூடிக்கிச்சு. அது வெச்சிருந்த பழைய குச்சிய என் கையில குடுத்திருந்துச்சு. கிழிஞ்ச பக்கத்தை சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு, வலது பக்கத்துல மட்டும் அழைப்பை முழுசா அடிச்சேன். முடிச்சேன். அது கண்ணைத் தொறந்து, 'என்னண்ணே, இன்னும் உறுமிக் கயித்தை இழுத்துக் கட்டிக்கிட்டே இருக்கே, எப்ப ஆரம்பிக்கப் போறே?'ன்னு கேட்டுச்சு.

பாலன் அடுப்படிக்குள்ள போயிட்டான்.

'இதோ'ன்னு கையைக் காட்டிட்டு திரும்ப அடிச்சேன். இந்தத் தடவை அது கண்ணைத் தொறந்துக்கிட்டு என் கையவே பாத்துச்சு. இடது கையால அந்தக் குச்சிய வெச்சு, கிழிஞ்ச தோல் மேல தேய்க்கிற மாதிரி சும்மா ஆட்டுனேன். ஒரு சத்தமும் வரல தம்பி. அது தலைய ஆட்டிக்கிட்டே இருந்துச்சு.

எந்தங்கச்சிய எப்பவாவது பாத்தா, தோல் கிழிஞ்சதை மட்டும் சொல்லிறாதே.

தம்புசாமி அங்கிள்


தெலுக் பங்லிமா காராங்
12 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு, மாரி எழுதிக்கிறது. நல்லபடியா வீடு போய்ச் சேந்தியா? முட்டிக்கு எண்ணெய் தடவுனியா? இங்க எல்லாரும் சுகம். வாணி உனக்குன்னு முறுக்கு சுட்டு வெச்சிருக்கா, அவளே சொன்னா. நான் வாயைப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டேன்.

நீ போறப்ப உன் மூஞ்சி நல்லா இல்ல. அதான் உடனே எழுதுறேன். 'எப்ப ஆரம்பிக்கப் போறே'ன்னு கேட்டேனே, அது சும்மா. உன்னைச் சீண்டிப் பாத்தேன். வாழ்க்கை பூரா நீதான் கிண்டல் பண்ணியிருக்கே, ஒரு நாளாவது நான் பண்ண வேணாமா? நீ நம்பிட்டே. உன் மூஞ்சியப் பாத்து உள்ளுக்குள்ள சிரிப்பு தாங்கல.

எனக்கு எல்லாம் கேட்டுச்சு. முக்கியமா அந்த இடது பக்கம். நீ குச்சிய வெச்சுத் தேய்ச்சப்ப வந்த உறுமல் இருக்கே, அப்படியே பழைய உறுமல். வயித்துல எறங்குச்சு. போயிட்டு வந்துட்டேன் அண்ணே. மண்ணு சூடாத்தான் இருந்துச்சு. நெருப்பும் இருந்துச்சு. வயசாயிருச்சு இல்ல, அதான் எந்திரிச்சு ஆடல.

உன் கை மாறவே இல்ல. இனிமே நீ அந்தச் சந்துல சுத்திப் போக வேணாம்.

தங்கச்சி,
மாரியாயி


பிரிக்பீல்ட்ஸ்
21 ஏப்ரல் 2025

என் தங்கச்சி மாரிக்கு, அண்ணன் தம்புசாமி. சுகமா வந்து சேந்தேன். எண்ணெய் தடவுனேன். முட்டி இன்னும் என்னோட பேசல.

என்னை ஏமாத்திட்டே. இந்த வயசுல ஒருத்தி என்னைக் கிண்டல்ல ஜெயிப்பான்னு நான் நெனைக்கல. கீழ தோசைக் கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எந்தங்கச்சி பெரிய கள்ளின்னு. நேர் ரோட்டுலதான் நடந்து போனேன். பரமேஸ்வரன் தலைய ஆட்டுனான். நானும் ஆட்டுனேன். அவனுக்கு நான் யாருன்னே தெரியல.

நீ எழுதியிருக்கிறது சரிதான். அன்னைக்கு இடது பக்கம் நல்லாத்தான் பேசுச்சு. எனக்கும் கேட்டுச்சு.

குச்சி உன்கிட்டயே இருக்கட்டும். உறுமிக்குப் புதுத் தோல் போடச் சொல்லியிருக்கேன், சும்மாதான், பழசு கொஞ்சம் தளர்ந்து போச்சு. மே 3, சனிக்கிழமை திரும்ப வரேன். பாலன்கிட்ட சொல்லி வெய்யி. காடிய நிழல்லதான் நிறுத்தணும். வழியில ஒட்டுக்கடை வேணாம்.

நீ கண்ணைத் தொறந்தே வெச்சிரு.

உன் அண்ணன்,
தம்புசாமி